பாறை போட்ட முதல்

சென்ற இதழில் கண்மாய் தூர்வாருவது பற்றிய ஒரு கேள்விக்கு நான்கே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று கடிதங்கள் வந்தன. படித்துப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எனவே மண், நீர், பாறை தொடர்பாக வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் கோடையில் கண்மாய்க் கரம்பையை (அடியில் படிந்த வண்டலை) அள்ளிச் செவல் (செம்மண்) காட்டில் அடிப்போம். ஒரு முறை அடித்தால் நாலு வெள்ளாமைக்குத் தாங்கும் என்பார் என் தகப்பனார். உர மூட்டையில் இல்லாதது அதில் என்ன இருக்கிறது?
– ஒரு விவசாயி, அருப்புக்கோட்டை

எடை போட்டுப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) உண்டு. கரம்பையில் அது ஒரு சதவீதத்துக்கும் மிகக் கீழே. ஆனாலும் உங்கள் தகப்பனார் சொன்னது சரி. கரம்பை கொண்டுவரும் சத்து அதன் பெருமையில் பாதிதான். மற்றப் பாதி, பின்னால் வரும் சத்தை ஓடவிடாமல் பிடித்து வைக்கும் குணம்.

காய்ந்த கரம்பைக் கட்டி ஒன்றையும் செவல் மண் ஒரு பிடியையும் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நீர் ஊற்றிப் போட்டுப் பாருங்கள். கரம்பை குமிழி விட்டு, யாரும் தொடாமலே இதழ் இதழாக உதிரும். மேலே நிற்கும் கலங்கல் மறுநாள் காலையிலும் முழுதாகத் தெளிந்திருக்காது. செவல் மண்ணிலோ மணல் உடனே அடியில் தங்கி, நீர் சீக்கிரமே தெளியத் தொடங்கிவிடும். கலங்கலாக நிற்பது களி; ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் சிறிய துகள்கள். இத்துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால், நேர்மின்னூட்டம் கொண்ட சாம்பல்சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), மக்னீசியம், அம்மோனியம் ஆகியவை அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. வேர் சிறிது அமிலத்தை விட்டுக்கொடுத்து, மாற்றாக இவற்றைப் பெற்றுக்கொள்கிறது. மக்கிய இலைதழையும் இதே வேலையைச் செய்யும். நீங்கள் போடும் யூரியா மண்ணில் முதலில் அம்மோனியமாகி, பிறகு நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னூட்டம்தான் என்பதால் களி அதைப் பிடிக்காது, ஒரு பெருமழை வந்தால் நீரோடு இறங்கிவிடும். அதனால்தான் மணற்பாங்கான செவலில் உரம் ஒரு மழைக்கு நிற்பதில்லை.

அந்தக் களி கண்மாய்க்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் விஷயம் இன்னும் சுவையானது. மழைநீர் மேட்டு நிலத்தில் ஓடும்போது கனமான மணலை வழியிலேயே போட்டுவிட்டு, மெல்லிய களியையும் மக்கிய சருகையும் ஆட்டுப் புழுக்கையையும்தான் தொலைதூரம் சுமக்கிறது. கண்மாயில் நீர் அசையாமல் நிற்கும்போது அவை படிகின்றன. அதாவது உங்கள் காட்டிலிருந்து பள்ளத்துக்குப் போனதைத்தான் நீங்கள் வண்டி வைத்து மேட்டுக்குத் திருப்புகிறீர்கள். சத்துச் சுழற்சி பற்றிய பாடப்புத்தகப் படங்களில் மரம், மாடு, மழை எல்லாம் இருக்கும். டிராக்டர் டிப்பர் இருக்காது. நம் வட்டாரத்துக்கு அதையும் வரைய வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஏற்கெனவே களி மிகுந்த கரிசலில் கரம்பை அடிப்பதால் பயன் குறைவு. மேலே படிந்த வண்டலைத்தான் அள்ள வேண்டும். அதற்கும் கீழே தோண்டினால் கிடைப்பது சத்தில்லாத அடிமண், அதோடு நீரைத் தாங்கி நிற்கும் களிப்படுகையும் உடைந்து கண்மாய் ஒழுகத் தொடங்கும். வண்டல் என்ற பெயரில் ஆளுயரத்துக்குச் சவுடு (பள்ளம் நிரப்பும் மண்) அள்ளுகிற இடங்களை நானே பார்த்திருக்கிறேன். அதற்கும் விவசாயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பாறையில் செடிக்கு வேண்டிய உணவு இருக்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எப்படிப் புரிய வைப்பது?
– ஓர் ஆசிரியை, பல்லாவரம்

உங்கள் ஊரில் இதைச் சொல்லிக்கொடுப்பது எளிது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருநீலக் கல்லுக்கு உலகப் புவியியல் நூல்களில் சார்னோக்கைட் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் அது. இருநூறு ஆண்டுகள் கழித்து அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரைச் சூட்டினார். பல்லாவரத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெருமை கல்லறைக்குள் இருந்தவருக்குப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அந்தக் கல்லில் நாலைந்து கனிமங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஃபெல்ஸ்பாரில் சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும், கரிய பைராக்ஸீனில் இரும்பும் மக்னீசியமும், கண்ணுக்குத் தெரியாத அபடைட் துணுக்குகளில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இருக்கின்றன. பூட்டைத் திறப்பது மழைநீர். வானிலிருந்து விழும்போதே அது சிறிது கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடும் மண்ணுக்குள் அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், அங்கே நீர் இன்னும் சற்றுப் புளிக்கிறது. சோடாத் தண்ணீரின் மிக மெல்லிய வடிவம் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். அந்த மென்மையான அமிலம் ஃபெல்ஸ்பாரை வெண்களியாக மாற்றுகிறது. வெளிப்பட்ட இரும்பு துருப்பிடித்து மண்ணைச் சிவப்பாக்குகிறது. எதற்கும் அசையாத குவார்ட்ஸ் மணலாக மிஞ்சுகிறது. பாறை மேல் அப்பியிருக்கும் கற்பாசியும் தன் பங்குக்கு அமிலம் விடும். பிரியாணிக்குப் போடும் கல்பாசி இதே இனந்தான் என்று சொன்னால் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

மழையில் நெடுங்காலம் கிடந்த ஒரு கல்லை உடைத்துக் காட்டுங்கள். உள்ளே கருநீலம் பளபளக்கும்; வெளி ஓரத்தில் விரல் நகத்தின் கனத்துக்குப் பழுப்பேறிய, சுரண்டினால் மாவாக உதிரும் ஒரு பட்டை இருக்கும். அந்தப் பட்டைதான் மண்ணின் பிறப்பு. கிணறு வெட்டியவர்கள் இதையே செங்குத்தாகப் பார்த்திருப்பார்கள்: மேல்மண், சரளை, கடப்பாரைக்கு நொறுங்கும் இளகிய பாறை, பிறகு வெடி வைத்தால்தான் பெயரும் கருங்கல். ஒரு சென்டிமீட்டர் மண் உண்டாகப் பெரும்பாலும் நூற்றாண்டுக் கணக்கில் ஆகும்.

ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டுச் சொல்லுங்கள். இந்தக் கல்லில் தழைச்சத்து ஏறக்குறைய இல்லை. அது காற்றிலிருந்து வர வேண்டும். மணிச்சத்துக்கோ காற்றில் வாயு வடிவமே கிடையாது. அது பாறையிலிருந்துதான் வர வேண்டும்.

இவ்வளவு பெரிய மரங்கள் நிற்கும் காட்டில் மண்ணும் வளமாகத்தானே இருக்க வேண்டும்? அமேசான் மண் சத்தற்றது என்று படித்தேன். நம்ப முடியவில்லை.
– ஒரு வாசகர், கோத்தகிரி

உங்கள் மலையை வைத்துப் பார்ப்பதால் நம்ப முடியவில்லை. நீலகிரியின் குளிரில் சருகு மெல்லத்தான் மக்கும். அதனால் சோலையின் அடியில் கறுத்த, பஞ்சு போன்ற மண் சேர்ந்திருக்கிறது. அதே மலையிலுள்ள சாண்டிநல்லாவின் சதுப்பில் முற்றிலும் மக்காத தாவர எச்சம் 20,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் படிந்து கிடக்கிறது. அமேசான் சமவெளியில் வெப்பமும் மழையும் ஆண்டு முழுவதும் இருப்பதால் விழுந்த இலை சில மாதங்களிலேயே காணாமல் போய்விடும். அடியில் இருப்பதோ பல லட்சம் ஆண்டுகளாக மழை கழுவிக் கழுவிச் சக்கையாக்கிய மண். அங்கே சத்து மண்ணில் சேமிக்கப்படுவதில்லை. மரத்திலிருந்து சருகுக்கும் சருகிலிருந்து வேருக்கும் ஓயாமல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோவின் வெனிசுவேலாக் கரையில் 1970களில் ஒரு சோதனை செய்தார்கள். தரையின் மேல் பாய் போலப் பின்னிக் கிடந்த வேர்களின் மீது, கதிரியக்க அடையாளமிட்ட சுண்ணாம்புச்சத்தையும் மணிச்சத்தையும் தெளித்து, கீழே எவ்வளவு ஒழுகுகிறது என்று அளந்தார்கள். ஒழுகியது ஆயிரத்தில் ஒரு பங்கு. மற்றதை வேர்ப்பாயும் அதில் குடியிருக்கும் பூஞ்சைகளும் பிடித்துக்கொண்டன.

அந்த ஒரு பங்கும் ஆண்டுதோறும் சேர்ந்தால் இழப்புதானே என்று கேட்பீர்கள். அதை ஈடுசெய்யும் வழியைப் படித்தபோது நானும் முதலில் நம்பவில்லை. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் போடேலே என்றொரு பள்ளம் இருக்கிறது. ஒரு பேரேரி வற்றிப் போன தரை. அங்கு வீசும் காற்று ஏரியடித் தூசியை எழுப்பி, அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோகிறது. நாசாவின் செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு 2015இல் வெளியான கணக்கின்படி, ஆப்பிரிக்கத் தூசியோடு அமேசான் படுகையில் விழும் மணிச்சத்து ஆண்டுக்குச் சுமார் 22,000 டன். மழையும் வெள்ளமும் அங்கிருந்து கழுவிச் செல்வதும் ஏறத்தாழ அதே அளவு. உலகின் மிக ஈரமான காடுகளில் ஒன்றுக்கு ஒரு பாலைவனம் எரு போடுகிறது.

ஹவாய்த் தீவுகள் இதை வேறொரு விதத்தில் காட்டுகின்றன. அத்தீவுகள் எரிமலையால் ஒன்றன்பின் ஒன்றாக உருவானவை. கிலவேயா எரிமலை அருகே 300 ஆண்டு வயதுள்ள தரையும், கவாய் தீவில் சுமார் 41 லட்சம் ஆண்டு வயதுள்ள தரையும் உண்டு. இரண்டிலும் மழையளவு, குளிர், உயரம், ஓஹியா என்ற மரம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே. வயது மட்டும் வேறு. சூழலியலாளர் பீட்டர் விட்டூசெக் குழுவினர் உரமிட்டுச் சோதித்தபோது, இளந்தரையில் தழைச்சத்துக்கும் முதுதரையில் மணிச்சத்துக்கும் மரங்கள் ஏங்கின. புதிய எரிமலைக் கல்லில் மணிச்சத்து நிறைய, ஆனால் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்க்க இன்னும் காலம் போதவில்லை. கிழத் தரையில் தழைச்சத்து சேர்ந்துவிட்டது, பாறை போட்ட முதலோ கரைந்து தீர்ந்துவிட்டது. அங்கே இன்று காட்டைத் தாங்குவதில் பெரும்பங்கு, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மத்திய ஆசியாவிலிருந்து பறந்துவரும் தூசிக்கு உரியது.

மரத்தை வெட்டினால் மண் அரிக்கும் என்பது தெரிந்ததே. வேரைப் பிடுங்காமல், மண்ணைக் கிளறாமல், வெட்டிய மரத்தையும் அங்கேயே போட்டுவிட்டால் சத்து எங்கே போய்விடும்?
– ஒரு கல்லூரி மாணவர், ஈரோடு

இதே கேள்வியை ஒரு மலைச்சரிவிடம் கேட்டுப் பதில் வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்ற காடு. 1963 முதல் அங்கே சூழலியலாளர்கள் ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் முதலியோர் நீர்ப்பிடிப்புகளை (மழைநீர் ஒரே ஓடையில் வந்து சேரும் சரிவுகளை) தனித்தனியாக அளந்து வந்தார்கள். அந்த இடத்தைத் தேர்ந்ததற்குப் பாறை முக்கியக் காரணம். மண்ணுக்கு அடியில் நீர் புகாத கற்படுகை இருப்பதால், மழையாக வந்த நீர் ஆவியாகவோ மரத்தின் வழியாகவோ போனது தவிர, மற்றதெல்லாம் ஓடையில்தான் வந்தாக வேண்டும். ஓடை வெளியேறும் இடத்தில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் வெட்டிய ஒரு தடுப்பணை கட்டிவிட்டால், முழுச் சரிவின் வரவு செலவும் அந்த ஒரே வாசலில் தெரிந்துவிடும்.

1965ஆம் ஆண்டு இறுதியில், சுமார் 15.6 எக்டேர் பரப்புள்ள ஒரு நீர்ப்பிடிப்பில் எல்லா மரங்களையும் வெட்டி, நீங்கள் சொல்வது போலவே விழுந்த இடத்தில் விட்டார்கள். சாலை போடவில்லை, மண்ணைக் கிளறவில்லை. அடுத்த மூன்று கோடைகளில் களைக்கொல்லி தெளித்து எதுவும் துளிர்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். முதல் ஆண்டு ஓடை நீர் சுமார் 40 சதவீதம் கூடியது. மரங்கள் உறிஞ்சி ஆவியாக விட்டுக்கொண்டிருந்த நீர் அது. வியப்பளித்தது நைட்ரேட்டின் அளவு. வெட்டாத பக்கத்து ஓடையோடு ஒப்பிட்டால் அது முதல் ஆண்டில் சுமார் 40 மடங்காகவும் அடுத்த ஆண்டில் 50 மடங்குக்கு மேலும் உயர்ந்து, குடிநீருக்கான வரம்பையும் தாண்டியது. தெளிந்த மலையோடையில் பச்சைப்பாசி படர்ந்தது.

நடந்தது இதுதான். நுண்ணுயிர்கள் எப்போதும் போலச் சருகை மக்கவைத்து நைட்ரேட்டாக்கிக்கொண்டிருந்தன. வாங்கிக்கொள்ள வேர் இல்லை. அந்த மாற்றத்தில் அமிலமும் பிறப்பதால், களியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் சாம்பல்சத்தும் இடம்பெயர்ந்து நைட்ரேட்டோடு சேர்ந்து ஓடின. ஓடை கலங்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மண் அரிப்பைக் கண்ணால் பார்க்கலாம். இந்தக் களவு கண்ணாடி போன்ற தெளிந்த நீரில் நடக்கிறது. மண் வளம் என்று நாம் சொல்வது ஓர் இருப்பு அல்ல, ஓர் ஓட்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

அதற்கும் ஒரு மறுபாதி உண்டு. தெளிப்பதை நிறுத்தியதும் செடிகள் முளைத்தன, கசிவும் விரைவில் குறைந்தது. வேர் திரும்பினால் வாசல் அடைபடுகிறது.

இடி மின்னலோடு பெய்த மழைக்குப் பயிர் கரும்பச்சையாகிறது. மின்னல் உரம் போடுகிறது என்பது உண்மையா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

உண்மை, ஆனால் சிறிய உண்மை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் அதன் இரு அணுக்களும் மும்மடிப் பிணைப்பில் இறுகியிருப்பதால் செடியால் அதைத் தொட முடியாது. மின்னலின் வெப்பம் அப்பிணைப்பை அறுக்கிறது. எனினும் அப்படி வந்து சேருவது ஏக்கருக்கு ஆண்டுக்குச் சில கிலோவைத் தாண்டாது. தக்கைப்பூண்டு அல்லது சணப்பை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் அதைப் போலப் பல மடங்கு கிடைக்கும். செடியைப் பிடுங்கி வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியா வேலை செய்கிறது, வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

ஆடிப்பெருக்குக்கு வரும் புதுத் தண்ணீர் முன்பெல்லாம் செக்கச் செவேலென்று இருக்கும் என்பார்கள். அந்த வண்டல் இப்போது எங்கே? கடலுக்குப் போன சத்து திரும்ப வருமா?
– ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், மயிலாடுதுறை

மேட்டூர் அணை 1934இல் வந்தது முதல் மேல்காவிரியின் வண்டலில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிடுகிறது. அணையால் வந்த பாசனத்தைக் குறை சொல்ல நான் முனையவில்லை. தண்ணீரை நிறுத்தினால் வண்டலும் நிற்கும், அவ்வளவுதான். டெல்டா நிலம் ஆண்டுதோறும் சிறுகச் சிறுக அமுங்கும் இயல்புடையது. மேலே புதிய படிவு விழுந்தால்தான் கடலுக்கு ஈடுகொடுக்கும்.

கடல் இதை எப்படி உணரும் என்பதை நைல் நதி காட்டியது. ஆகஸ்ட், செப்டம்பர் வெள்ளம் கொண்டுவரும் சத்தில் மிதவை நுண்பாசி பெருகி, அதைத் தின்னும் மத்தி மீன் எகிப்தியக் கரையில் குவியும். 1962இல் சுமார் 18,000 டன் மத்தி பிடித்தார்கள். 1964இல் அஸ்வான் உயர் அணையில் நீர் தேக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் அது ஆயிரம் டன்னுக்கும் கீழே விழுந்தது. 1980களிலிருந்து மீன்பிடிப்பு மீண்டும் உயர்ந்தது. வயல்களிலிருந்து வழிந்த ரசாயன உரமும் நகரங்களின் கழிவுநீரும் பழைய வெள்ளத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதே அதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. இதை மீட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரும்ப வரும் வழிகள் இரண்டு, ஒன்று விரைவானது, மற்றது மிக மெதுவானது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையில் ஆழ்நீர் மேலெழும்பி, கீழே சேர்ந்திருந்த சத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. அங்கே மத்தி பெருகுவதும், ஒரு காலத்தில் கரையில் அது எருவாகத் தென்னை மூட்டுக்குப் போனதும் அதனால்தான். மெதுவான வழிக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். மொராக்கோவின் பாஸ்பேட் பாறை, சுமார் 7 கோடி முதல் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து, பிறகு நிலமாக உயர்ந்தது. இந்தியா அங்கிருந்தும் பாறையையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் இறக்குமதி செய்துதான் மணிச்சத்து உரம் தயாரிக்கிறது. உங்கள் ஊர்க் கடையில் நிற்கும் டி.ஏ.பி. மூட்டையில் ஒரு பழைய கடல் இருக்கக்கூடும்.

மாடித் தோட்டத்தில் மண் தொட்டிகள் வைத்திருக்கிறேன். முதல் ஆண்டு கத்தரி நன்றாகக் காய்த்தது. இரண்டாம் ஆண்டே மண் செத்துவிட்டது. ஏன்?
– ஓர் இல்லத்தரசி, சென்னை

உங்கள் தொட்டிக்குக் கீழே பாறை இல்லை, மேலே மரம் இல்லை, பள்ளத்தில் கண்மாய் இல்லை. தினமும் ஊற்றும் நீர் அடித் துளையில் வெளியேறும்போது நைட்ரேட்டைக் கூட்டிக்கொண்டு போகிறது. நீங்கள் பறிக்கும் ஒவ்வொரு காயும் சாம்பல்சத்தையும் மணிச்சத்தையும் சமையலறைக்குக் கொண்டுபோகிறது. தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதைச் சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள். மண்ணிலிருந்தும் நீங்கள் ஊற்றிய நீரிலிருந்தும் கசிந்து காய்ந்த உப்புகள் அவை.

மண்ணைக் கொட்டிவிட வேண்டாம். கத்தரிக் காம்பும் காய்கறித் தோலும் மக்கிய எருவை மூன்றில் ஒரு பங்கு கலந்து, கிடைத்தால் ஒரு பிடி கரம்பையையும் சேருங்கள். தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, அதில் சேரும் நீரை மறுநாள் அதே செடிக்கு ஊற்றுங்கள். தட்டில் உப்புப் படியத் தொடங்கினால் அந்த நீரை மட்டும் கொட்டிவிட்டு, மழை நாளில் தொட்டியை வெளியே நகர்த்தி ஒரு முறை நன்றாக நனைய விடுங்கள்.